புதுச்சேரிச் சுறா எங்கே போயிற்று?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியும் யானையும் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு மீட்டருக்கு மேல் வளராத சாம்பல் நிறச் சுறா ஒன்றும் அதில் இருக்கிறது. பெயர் புதுச்சேரிச் சுறா. அறிவியல் பெயர் கார்காரைனஸ் ஹெமியோடான். இதைப் பிடித்து விற்றால் சிறை. ஆனால் 1979-க்குப் பிறகு இந்த மீனைப் பற்றி உறுதியான பதிவு ஏதும் இல்லை. உலகத்து அருங்காட்சியகங்களை எல்லாம் சேர்த்தாலும் ஆய்வுக்குக் கிடைப்பவை இருபதுக்கும் குறைவான உடல்கள்தான்.

சட்டத்துக்குள் இது நுழைந்த கதையே நீளமானது. 2001 ஜூலையில் மத்திய அரசு சுறா, திருக்கை இனங்கள் அனைத்தையும் ஒட்டுமொத்தமாகப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. கடற்கரை முழுவதும் மீனவர்கள் எதிர்த்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பட்டியல் பத்து இனங்களாகச் சுருங்கியது. திமிங்கிலச் சுறா, வேளா மீன்கள், கங்கைச் சுறா ஆகியவற்றோடு புதுச்சேரிச் சுறாவும் அந்தப் பத்தில் தங்கியது. நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய ஒரு மீன் கண்ணில் படாமல் போய்விட்டது என்றால், அதை முதலில் பார்த்தவர் யார், எங்கே பார்த்தார், அந்த உடல் இப்போது எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

நான் இருப்பது காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில். தறிச் சத்தம் கேட்கும் நாடு இது, அலைச் சத்தம் கேட்காது. ஆனாலும் காஞ்சிபுரத்து மீன்கடைகளுக்கு ஐஸ் பெட்டியில் பால்சுறா வராத வாரம் இல்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று புட்டு செய்து கொடுக்க வாங்குகிறார்கள். கடல் தொலைவாக இருந்தாலும் சுறா நம் அடுப்படிக்கு அந்நியமானதில்லை. தேடலுக்குக் கடற்கரையில் குடியிருக்க வேண்டிய அவசியமும் இப்போது இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய விலங்கியல் நூல்களைப் பல நாட்டு நூலகங்கள் சேர்ந்து பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. ஒரு கணினியும் பொறுமையும் இருந்தால் பெர்லினும் பாரிஸும் முசரவாக்கத்துக்கே வந்துவிடும்.

முதல் தடயம் பெயரின் வாலில் இருந்தது. எந்த உயிரினத்தின் அறிவியல் பெயருக்குப் பின்னும் அதை முதலில் விவரித்தவரின் பெயரும் ஆண்டும் நிற்கும். இங்கே நின்றவர்கள் இருவர்: முல்லர், ஹென்லே. ஆண்டு 1839.

பிளஸ் டூ உயிரியல் படித்தவர்களுக்கு இந்த இருவரும் ஏற்கெனவே அறிமுகமானவர்கள்தான். சிறுநீரகப் பாடத்தில் வரும் ‘ஹென்லே வளைவு’ இந்த ஹென்லேயின் பெயர். கருவியலில் வரும் ‘முல்லர் நாளம்’ அந்த யோஹன்னஸ் முல்லரின் பெயர். இருவரும் பெர்லினில் உடற்கூற்றியல் ஆய்ந்தவர்கள். அவர்களுக்குச் சுறா மீது ஏன் ஆசை? முல்லருக்கு ஒரு காரணம் இருந்தது. மத்தியதரைக் கடலின் மிதவெப்பக் கரையோரத்தில் வாழும் வழுவழுப்பான ஒரு சிறு சுறாவின் குட்டி, தாயின் வயிற்றில் தொப்புள்கொடியால் இணைந்திருக்கிறது என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் எழுதிவைத்திருந்தார். பிற்காலத்தில் பலரும் நம்பவில்லை. முல்லர் அந்தச் சுறாவை அறுத்துப் பார்த்து, அரிஸ்டாட்டில் சொன்னது சரி என்று நிறுவினார். சுறாக்களை ஒழுங்காகப் பிரித்து அடையாளம் காணாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. எது எந்த இனம் என்ற குழப்பம்தான் முந்தையவர்களை வழி தவற வைத்தது. ஆகவே முல்லரும் ஹென்லேயும் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இருந்த சுறா, திருக்கை உடல்களை ஆராய்ந்து, 1838 முதல் 1841 வரை பகுதி பகுதியாக, அறுபது வண்ணப் படங்களோடு ஒரு பெருநூலை வெளியிட்டார்கள். நம் சுறா அந்த நூலில்தான் பிறக்கிறது.

நூலில் அது ‘கார்காரியாஸ் (ஹைபோப்ரியான்) ஹெமியோடான்’. பெயரை வைத்தவர் என்று அவர்கள் காட்டுவது தங்களை அல்ல, வாலென்சியென் என்ற பிரெஞ்சுக்காரரை. இது இரண்டாவது தடயம். ஆஷீல் வாலென்சியென், க்யூவியே என்ற விலங்கியலாளரோடு சேர்ந்து மீன்களின் இயற்கை வரலாற்றை எழுதத் தொடங்கியவர். 1832-ல் க்யூவியே இறந்த பிறகும் தனியாகத் தொடர்ந்தார். 1828-ல் தொடங்கி 1849-ல் நின்றபோது 22 தொகுதிகள் ஆகியிருந்தன. அந்த 22 தொகுதிகளிலும் சுறாவைத் தேடினால் கிடைக்காது. எலும்பு மீன்களோடே வேலை நின்றுவிட்டது. குருத்தெலும்பு மீன்களுக்கு அவர் வரவே இல்லை. பாரிஸ் அருங்காட்சியகத்தில் அவர் பெயரிட்டு வைத்திருந்த சுறாக்கள் பெர்லின்காரர்களின் நூல் வழியாக வெளியுலகம் கண்டன. ஆக, பெயர் பெர்லினில் அச்சானாலும் உடல் பாரிஸில் இருந்தது.

பெயருக்கு ஆதாரமான அந்த மாதிரி, 47 சென்டிமீட்டர் நீளமுள்ள முதிராத ஆண். பிடிபட்ட இடம் புதுச்சேரி. உடலின் கதை தொடங்குவதும் அங்கேதான்.

புதுச்சேரியை ஆங்கிலேயர் பிரான்சுக்குத் திருப்பிக் கொடுத்தது 1816-ல். அதே ஆண்டு இயற்கை ஆய்வாளர் லெஷனோ தெ லா தூர் அங்கே வந்தார். செடி, விதை, பறவை, மீன் என்று கிடைத்ததை எல்லாம் பாரிஸுக்குக் கப்பலேற்றுவது அவருக்கு இடப்பட்ட பணி. பிறகு 1820-களின் நடுவில் ஷார்ல் பெலாஞ்சே பாரசீகம் வழியாகத் தரைமார்க்கமாகவே இந்தியா வந்து, புதுச்சேரித் தாவரவியல் பூங்காவை நடத்தினார். அவரும் மீன் அனுப்பினார். மலபார் கரையிலும் பம்பாயிலும் இருந்து கப்பல் வணிகர் துசுமியே அனுப்பினார். முல்லரும் ஹென்லேயும் அதே 1839-ல் விவரித்த இன்னொரு சிறு சுறாவுக்குத் துசுமியேயின் பெயரையே இட்டார்கள். அதற்கு ஆதாரமான மாதிரிகளில் ஒன்றும் புதுச்சேரியிலிருந்து போனதுதான். இந்த ஒரு துறையிலிருந்து மட்டும் எத்தனை சுறாக் குட்டிகள் சாராயப் புட்டியில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயிருக்கின்றன!

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. இதற்கு அரை நூற்றாண்டு முன், தரங்கம்பாடியில் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற ஜெர்மானிய மதபோதகர் இருந்தார். 1771-ல் வந்தவர், 1813-ல் அங்கேயே இறந்தார். அவர் பெர்லின் மருத்துவர் பிளாக்குக்கு மீன்களை அனுப்பினார். அவற்றோடு கரைமக்கள் சொன்ன தமிழ்ப் பெயர்களையும் எழுதி அனுப்பினார். பிளாக்கின் நூலில் அந்தப் பெயர்கள் அச்சாகியிருக்கின்றன. நாம் கத்தாழை என்று குழம்பு வைக்கும் மீன்களில் ஒரு பேரினத்துக்கு 1793-ல் பிளாக் இட்ட ‘ஜானியஸ்’ என்ற பெயர் அந்த ஜானின் பெயர்தான். அவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கரையில் வாழ்ந்து, மீனைக் கொண்டுவந்தவனோடு பேசியவர். புதுச்சேரிச் சுறாவுக்கு அப்படி ஒரு ஆள் வாய்க்கவில்லை. அது எந்த வலையில் விழுந்தது, எந்த மாதத்தில், எத்தனை பாக ஆழத்தில், இழுத்தவர் அதை என்ன சொல்லி அழைத்தார் என்ற எதுவும் உடலோடு கப்பலேறவில்லை. ஏறியது ஊர்ப்பெயர் மட்டும். இத்தனை ஆண்டு காலம் இந்த மீனைத் தேடுகிறவர்கள் படும் பாட்டுக்கு இதுவே பெரிய காரணம் என்பது என் முடிவு.

அடுத்த இருட்டு, பேரினத்தின் பெயரால் வந்தது. ஹைபோப்ரியான் கூட்டத்தில் முல்லரும் ஹென்லேயும் நம் சுறாவுக்கு அண்டையில் வைத்த மற்றொன்று மாக்லாட் சுறா. இரண்டுக்கும் மேல்பல்லின் முனை வழவழப்பாகவும் அடிப்பகுதி பெரிய ரம்பப் பற்களோடும் இருக்கும். மாக்லாட் சுறா நம் கடலில் இன்றும் சாதாரணமாகக் கிடைக்கிறது. ஆகவே பழைய பட்டியல்களில் ஹைபோப்ரியான் என்று மட்டும் கண்டால், அது எந்த மீன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. ஓமான் வளைகுடா முதல் நியூகினி வரை இந்தச் சுறா பரவியிருந்ததாக நூல்கள் சொல்கின்றன. ஆனால் தோண்டிப் பார்த்தால் நம்பத்தக்க மாதிரிகள் பெரும்பாலும் இந்தியக் கரையைச் சேர்ந்தவை. ஹூக்ளி முகத்துவாரத்திலும் சைகோன் ஆற்று முகத்திலும் இருந்ததாகச் சொல்லும் பழைய குறிப்புகளுக்குக் கையில் பிடித்துக் காட்டும் உடல் இல்லை.

1985-ல் நியூசிலாந்து அறிஞர் ஜாக் காரிக், ஹைபோப்ரியான் என்ற தனிப் பேரினமே தேவையில்லை என்று கார்காரைனஸோடு சேர்த்துவிட்டார். அந்த ஆய்வுரைக்குள் இன்னொரு செய்தியும் இருக்கிறது. 1902-ல் ஏமனில் பிடிபட்டு வியன்னா அருங்காட்சியகத்தில் கிடந்த ஒரே ஒரு சுறா உடலை அவர் அதில் புதிய இனமாக விவரித்தார்: கார்காரைனஸ் லெயோடான். அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் இரண்டாவது உடல் யாருக்கும் அகப்படவில்லை. 2008-ல் குவைத் மீன்சந்தையில் அது கிடந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேல் ‘காணாமல்’ போயிருந்த மீனை ஆய்வுக்கப்பல் எதுவும் கண்டுபிடிக்கவில்லை. மீன்காரரின் பலகை முன்னால் குனிந்து பார்த்த ஒருவரின் கண்தான் கண்டுபிடித்தது.

கங்கைச் சுறாவும் முல்லர்–ஹென்லே 1839-ல் பெயரிட்டதே. அதையும் பல ஆண்டுகளாகக் காணவில்லை. 2016 பிப்ரவரியில் மும்பை சசூன் துறைமுகத்தில் ஒரு பெண் சுறா வந்து இறங்கியது. போர்னியோச் சுறாவுக்கும் இதே கதை: 1937-க்குப் பிறகு காணாதது, 2004-ல் சரவாக்கில் மீனவர் வலையில் கிடைத்தது. இந்த மூன்று கதைகளையும் அடுத்தடுத்துப் படித்த பிறகுதான், என் தேடலின் திசை நூலகத்திலிருந்து ஏலக்கூடத்துக்குத் திரும்பியது.

ஆனால் அதற்கு முன், ஆவணங்களில் நடுவே இருக்கும் பெரிய ஓட்டையைப் பார்க்க வேண்டும். காட் என்ற மீன் வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த கரையோரக் கடல்களில் வாழ்வது. அதன் ஈரல் எண்ணெய்தான் ஒரு காலத்தில் உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் வைட்டமின் ஏ, டி கொடுத்தது. 1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படை நார்வேக்குள் நுழைந்ததும் இந்தியாவுக்கு அந்த எண்ணெய் வருவது நின்றது. பதிலுக்குச் சென்னை மாகாண மீன்துறையும் திருவிதாங்கூர் அரசும் சுறா ஈரல் எண்ணெய் தயாரிப்பில் இறங்கின. சுறா ஈரலுக்குத் திடீரென்று விலை வந்தது. குளிர்கடல் மீன் ஒன்றின் பற்றாக்குறையை ஈடுகட்ட நம் கரைச் சுறாக்கள் ஈரல் ஈரலாக அண்டாவில் ஏறின. பின்னாளில் செயற்கை வைட்டமின் ஏ வந்ததும் அந்தத் தொழில் மங்கியது. அந்தக் காலத்துக் கணக்கில் ஈரலின் எடை உண்டு, எண்ணெயின் அளவு உண்டு, வைட்டமின் அலகு உண்டு; எந்த இனச் சுறா என்பது இல்லை. அதன் பின்னர் விசைப்படகு வந்தது, நைலான் வலை வந்தது, துடுப்புக்கு வெளிநாட்டு விலை வந்தது. பிடிப்புக் கணக்குகளில் ‘சுறாக்கள்’ என்று ஒரே கட்டம். அந்தக் கட்டத்துக்குள் நம் சுறா எப்போது இருந்தது, எப்போது இல்லாமல் போனது என்று சொல்லும் ஒரு பதிவேடும் கிடையாது. கார்காரைனஸ் குடும்பத்துச் சுறாக்கள் குட்டி போடுபவை; சிறிய இனங்கள் ஒரு ஈற்றில் ஒருசில குட்டிகளையே ஈனும். மத்தி போல லட்சக்கணக்கில் முட்டையிட்டு இழப்பை ஈடுகட்ட அவற்றால் ஆகாது.

புதுச்சேரியில் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் நின்றால் இந்த ஓட்டை எப்படி உண்டாகிறது என்று நேரிலேயே பார்க்கலாம். பெரிய சுறா தனியாக ஏலம் போகிறது. முழங்கை நீளக் குட்டிகள் பிளாஸ்டிக் கூடையில் திருக்கை, கணவாயோடு கலந்து கிடக்கின்றன. ஒன்றை எடுத்து மேலுதட்டைப் பேனாவால் தூக்கினேன். காஞ்சிபுரத்தில் சேலை வாங்கத் தெரிந்தவர்கள் கரையும் உடலும் சேரும் கோர்வையைப் பார்க்க உட்புறத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். சுறாவிலும் சங்கதி உதட்டுக்கு உட்புறம்தான். மேல்பல் மெல்லியதாக, ஒருபக்கம் சாய்ந்து, முனை வழவழப்பாக இருந்தது. அதன் அடிக்குக் கண்ணைக் கொண்டுபோனால், இரண்டு பக்கமும் தடித்த ரம்பப் பற்கள். நெஞ்சு ஒரு கணம் நின்றது. பிறகு மூக்கை விரலால் அழுத்தினேன். வளையவில்லை, உள்ளே கெட்டியாக இறுகியிருந்தது. துடுப்புகளில் கறுப்பு முனையும் இல்லை. மாக்லாட் சுறா. அதன் மூக்குக் குருத்தெலும்பு சுண்ணமேறி இறுகியிருக்கும். ஆங்கிலத்திலேயே அதைக் கடினமூக்கன் என்றுதான் சொல்கிறார்கள்.

கூடைக்காரம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். “எதுக்குப்பா வாயைப் பொளந்து பாக்குற? பல்லு கிழிச்சிடும்.”

“ஒரு சுறாவைத் தேடுறேன்மா. உங்க ஊர் பேரு வெச்ச சுறா. ரொம்ப வருஷமா யாரும் பாக்கல.”

“பொடிச் சொறா எல்லாம் ஒரே கூடையிலதான் போவும். எது எதுன்னு யாரு பாக்குறா? மிஞ்சினா கருவாட்டுக்குப் போயிடும்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “எப்படி இருக்கும் சொல்லு, கண்ணுல பட்டா எடுத்து வெக்கிறேன்” என்றார்.

அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். மேல்புறம் சாம்பல், வயிறு வெள்ளை, விலாவில் தெளிவான வெள்ளைப் பட்டை. மூக்கு சற்று நீண்டு கூராக இருக்கும். கண் பெரியது, வட்டமானது. முதுகில் இரண்டு துடுப்புகளுக்கும் நடுவே தோல் ஒரு வரப்பாக எழும்பி ஓடும். நெஞ்சுத் துடுப்புகள், இரண்டாம் முதுகுத் துடுப்பு, வாலின் கீழ்மடல் ஆகிய மூன்று இடங்களிலும் முனை கறுத்திருக்கும். அதனோடு குழப்பக்கூடிய துசுமியே சுறாவுக்கு இரண்டாம் முதுகுத் துடுப்பில் மட்டும்தான் கறுப்பு. மூன்று கறுப்பும் இருந்து, உதட்டைத் தூக்கினால் முனை வழவழத்து அடி ரம்பமான மேல்பல்லும் இருந்தால், அன்றைக்கு ஏலத்தை நிறுத்தலாம்.

எடுத்து வைக்கிறேன் என்று அந்த அம்மா சொன்னது மனதைத் தொட்டாலும் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முதல் அட்டவணை மீனைக் கையில் வைத்திருப்பதே குற்றம். வலையில் தெரியாமல் விழுந்து செத்த சுறாவைக் கரைக்குக் கொண்டுவந்து காட்டுகிறவருக்கு வழக்கு வருமென்றால், எந்த மீனவரும் காட்ட மாட்டார். கடலிலேயே வீசிவிடுவார், அல்லது கூடைக்குள் அமுக்கிவிடுவார். அடையாளம் காட்டத் தெரியாத மீனைச் சட்டம் காக்க முடியாது. அடையாளம் காட்டுகிறவரை அச்சுறுத்தும் சட்டம் அந்த மீனுக்கே கேடு. இந்தச் சுறாவைப் பொறுத்தவரை, தகவல் சொல்லும் மீனவர் மீது நடவடிக்கை இல்லை என்று மீன்வளத் துறையும் வனத் துறையும் சேர்ந்து எழுத்திலேயே அறிவிக்க வேண்டும். காசிமேடு, கடலூர், தேங்காய்த்திட்டு, காரைக்கால், நாகப்பட்டினம் ஏலக்கூடங்களில் மேலே சொன்ன அடையாளங்களைத் தமிழில், படத்தோடு, பெரிய பலகையாக வைக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு அற்பம்.

நீங்கள் மீன் வாங்குகிறவராக இருந்தாலும், விற்கிறவராக இருந்தாலும், கடலுக்குப் போகிறவராக இருந்தாலும் கையில் கேமராவுள்ள செல்பேசி இருக்கும். மூன்று கறுப்பு முனையுள்ள சிறு சுறா கண்ணில் பட்டால் அதை வாங்கவோ வெட்டவோ வேண்டாம். பக்கவாட்டில் முழு உடலையும் பக்கத்தில் ஒரு அளவுகோலோ பேனாவோ வைத்து ஒரு படம், உதட்டைத் தூக்கி மேல்பற்களை நெருக்கத்தில் ஒரு படம், துடுப்பு முனைகளை ஒரு படம் எடுங்கள். பிடித்த இடம், தேதி, ஆழம், வலை, உங்கள் ஊரில் அதற்கு வழங்கும் பெயர் ஐந்தையும் எழுதி, மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் சென்னை மையத்துக்கோ, அருகில் உள்ள மீன்வளத் துறை அலுவலகத்துக்கோ அன்றே அனுப்புங்கள்.